மூன்று அட்டை நாற்காலிகள், ஒரு பொத்தான்

முதல் நாற்காலியைச் செய்து முடிக்க எனக்கு 11 நாள் ஆனது. அதில் குழந்தை உட்கார்ந்திருந்தது 4 நிமிடம்.

அக்காவின் இளைய மகளுக்கு அப்போது 4 வயது. பெருமூளை வாதம், வீட்டில் சி.பி. என்றுதான் சொல்வோம். கழுத்து நிற்காது, முதுகு நிற்காது, கைகால்கள் திடீர் திடீரென்று விறைக்கும். நடப்பது, உட்கார்வது போன்ற அசைவுத் திறனை 5 படிகளாகப் பிரிக்கும் ஓர் அளவுகோல் இருக்கிறது. 1997-இல் ராபர்ட் பாலிசானோவும் அவருடன் பணியாற்றியவர்களும் வெளியிட்டது. தெரபிஸ்ட்கள் இன்றும் அதைத்தான் பேசுகிறார்கள். அதில் இவள் 5-ஆம் படி, அதாவது கடைசிப் படி. விழுங்குவது சிரமம் என்பதால் வயிற்றில் குழாய். அவ்வப்போது வலிப்பு. எடை 13 கிலோ.

இந்த 13 கிலோ பெரும்பாலும் அக்காவின் மடியில்தான் இருந்தது. சின்ன பம்ப் ஒன்றிலிருந்து குழாய் வழியாக உணவு இறங்க 40 நிமிடம், இறங்கிய பிறகு எதுக்களிக்காமல் இருக்க நிமிர்த்திப் பிடித்திருக்க இன்னும் அரைமணி. இப்படி நாளைக்கு 5 முறை. கணக்குப் போட்டால் கிட்டத்தட்ட 6 மணி நேரம். அத்தனை நேரமும் அக்காவுக்கு ஒரு கைதான் மிச்சம். இன்னொரு கை குழந்தையின் நெற்றியில் இருக்கும். இரவு வேளைகளை அத்தான் பார்த்துக்கொள்வார். அவருக்கும் முதுகுவலி வந்து ஒரு வருடம் ஆகியிருந்தது.

முறையான சிறப்பு நாற்காலிக்கு அளவு கொடுத்தாகிவிட்டது. வர மாதக்கணக்காகும் என்றார்கள். அதுவரை ஏதாவது செய்யலாமே என்று வாயைக் கொடுத்தேன். எனக்குத் தெரிந்தது பழைய ரேடியோ, பொம்மை, மிக்ஸி இவற்றைப் பிரித்துச் சேர்ப்பது மட்டும்தான். தச்சுவேலை வராது. அதனால்தான் அட்டை.

அட்டை என்றதும் வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள். அட்டையில் சிறப்பு நாற்காலி செய்வது என் கண்டுபிடிப்பு இல்லை. ஜிம்பாப்வேயில் பெவில் பேக்கர் என்பவர் வீணாகும் தாளையும் அட்டையையும் மாவுப் பசையால் ஒட்டி, பெரியவர்கள் ஏறி நிற்கும் அளவுக்கு உறுதியான சாமான்கள் செய்யும் முறையை வளர்த்தெடுத்தார். அதிலிருந்து மாற்றுத்திறன் குழந்தைகளுக்கான இருக்கைகள் பல நாடுகளுக்குப் பரவின. நியூயார்க்கில் அலெக்ஸ் ட்ரூஸ்டெல் தொடங்கிய அடாப்டிவ் டிசைன் அசோசியேஷனில் மூன்றடுக்கு நெளிவு அட்டையைத்தான் அறுத்து, ஒரு குழந்தைக்கு ஒரு நாற்காலி என்று செய்கிறார்கள். அந்த வேலைக்காக அவருக்கு 2015-இல் மெக்ஆர்தர் ஃபெலோஷிப் என்ற பெரிய அமெரிக்க விருது கிடைத்தது. அட்டையின் பெரிய நன்மை மலிவு என்று பலர் நினைப்பார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகப் பட்டது வேறு: தப்பாகப் போனால் மனசு வலிக்காமல் கிழித்துப் போடலாம். நான் அதை நிறையவே பயன்படுத்திக்கொண்டேன்.

முதல் நாற்காலி

குளிர்சாதனப் பெட்டி, துணி துவைக்கும் எந்திரம் வரும் பெரிய பெட்டிகளைச் சேர்த்தேன். பெட்டி அட்டையின் நடுவில் அலை அலையாக ஒரு தாள் இருக்கும் இல்லையா, அதன் நெளிவுக் குழாய்கள் நிற்கும் திசையில் அட்டை கல் மாதிரி. படுத்த திசையில் அப்பளம் மாதிரி. அதனால் எடை தாங்கும் பலகைகளில் குழாய்கள் மேலிருந்து கீழாக நிற்க வேண்டும். அடுக்கி ஒட்டும்போது ஒரு அடுக்கு நெட்டு, அடுத்தது குறுக்கு, மறுபடி நெட்டு என்று மாற்றி மாற்றி வைத்தால் மடங்காது. நான் 4 அடுக்கு ஒட்டினேன். ஏறத்தாழ 2 செ.மீ. தடிமன் வந்தது. வெள்ளை மரப்பசை. பசையைக் கொட்டாமல் பழைய ஏடிஎம் அட்டையால் மெல்லிசாக இழுத்துவிட வேண்டும். அதிகமானால் அட்டை ஊறிப்போய், காய்ந்ததும் வளைந்துவிடும். மேலே தட்டையான பலகை, அதன்மேல் புத்தக மூட்டை, ஒரு நாள் முழுக்க அசைக்கக் கூடாது.

வெட்டுவதற்குப் பேப்பர் கத்தி போதாது. 4 அடுக்கை ரொட்டி அறுக்கும் பல்கத்தியால் அறுத்தேன். வெட்டிய விளிம்பில் குழாய்வாய்கள் திறந்திருக்கும். அவற்றை 3 செ.மீ. தாள் பட்டைகளைப் பசையில் நனைத்து மூன்று சுற்று மூடினேன். பிறகு முழு நாற்காலிக்கும் தாள் தோல், அதன்மேல் மணக்காத, நீர் அடிப்படையிலான வார்னிஷ் மூன்று கோட். பார்க்க நன்றாகவே இருந்தது. 68 கிலோ எடையுள்ள நானே ஏறி உட்கார்ந்து காட்டினேன். சிரித்தவர்கள் சிரிப்பை நிறுத்தினார்கள்.

தப்பு அட்டையில் இல்லை, அளவில். குழந்தை மெத்தையில் படுத்திருந்தபோது டேப்பை வைத்து அளந்திருந்தேன். இருக்கை ஆழம் 29 செ.மீ. என்று எழுதிக்கொண்டேன். அவளை உட்கார வைத்தோம். இருக்கையின் முன்விளிம்பு முழங்காலின் பின்மடிப்பில் இடித்தது. இடிக்கிற இடத்திலிருந்து விலக உடம்பு முன்னால் வழுக்கியது. இடுப்பு பின்பக்கம் உருண்டு, முதுகு வில்லாக வளைந்து, தலை நெஞ்சில் விழுந்தது. நான் முன்யோசனையோடு வைத்திருந்த மார்புப் பட்டை அவள் கழுத்துக்கு வந்துவிட்டது. அக்கா ஒன்றும் பேசாமல் அவளைத் தூக்கிக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து, "விடுடா தம்பி, மடியே போதும்" என்றாள்.

பட்டை கழுத்தில் ஏறிய அந்தக் காட்சி எனக்கு இரண்டு நாள் தூக்கத்தைக் கெடுத்தது. இதைப் படித்து யாராவது செய்யப் போவதாக இருந்தால், இந்த ஒரு இடத்தை மட்டுமாவது மறக்க வேண்டாம்: இருக்கை சரியில்லாமல் மார்புப் பட்டை போட்டால், குழந்தை வழுக்கும்போது அது சுருக்குக் கயிறாகிவிடும்.

அந்த நாற்காலியைத் தூக்கிக்கொண்டு தெரபிஸ்ட் மேடத்திடம் போனேன். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் நாற்காலியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஒட்டு நல்லா பிடிச்சிருக்கு" என்றார். பிறகு கேட்டார், "தலைக்கு ரெண்டு பக்கமும் பிளாக் வச்சிருக்கீங்க, மாருக்குப் பட்டை வச்சிருக்கீங்க. இடுப்புக்கு என்ன வச்சிருக்கீங்க?"

ஒன்றும் வைக்கவில்லை.

"தலை சாயுதுன்னு தலையைப் பிடிக்கிறீங்க. அது சாயுறதே இடுப்பு உருளுறதாலதான். இடுப்பை நிறுத்துங்க, மேல இருக்கிறதுல பாதி தானா நிக்கும்."

இரண்டாவது நாற்காலி

இந்த முறை அளவெடுத்தது அவர் அறையில். ஒரு தட்டையான மேசையின் ஓரத்தில் குழந்தையை உட்கார வைத்து, பின்னாலிருந்து அவர் இடுப்பின் இரண்டு பக்கத்தையும் பிடித்து நேராக்கினார். இடுப்பு, முழங்கால், கணுக்கால் மூன்றும் செங்கோணத்துக்கு அருகில் வந்த பிறகுதான் என்னை டேப் எடுக்கச் சொன்னார். பின்புறத்திலிருந்து முழங்கால் மடிப்பு வரை 26. அதில் 2 செ.மீ. கழித்து இருக்கை ஆழம் 24. மடிப்புக்கும் இருக்கைக்கும் நடுவில் இரண்டு விரல் போக வேண்டும். நான் வைத்திருந்தது 29. முழங்கால் மடிப்பிலிருந்து குதிகால் வரை 21, அது கால்பலகைக்கு. இடுப்பின் அகலம் 20. இருபக்கமும் ஒவ்வொரு செ.மீ. சேர்த்து 22. இருக்கையிலிருந்து மடக்கிய முழங்கை வரை 13. மேசைத்தட்டு அதைவிடக் கொஞ்சம் உயரத்தில் வரவேண்டும், அப்போதுதான் தோள் தொங்காது.

ஒவ்வொரு அளவையும் வலது, இடது இரண்டிலும் எடுக்கச் சொன்னார். இடது தொடை 1 செ.மீ. குட்டையாகத் தெரிந்தது. அதைப் பார்த்ததும் அவர் அளவெடுப்பதை நிறுத்திவிட்டு, இடுப்பு எக்ஸ்ரே கடைசியாக எப்போது எடுத்தது என்று அக்காவிடம் கேட்டார். 5-ஆம் படியில் இருக்கும் பிள்ளைகளுக்கு இடுப்பு மூட்டு கிண்ணத்திலிருந்து மெதுவாக நழுவும் ஆபத்து மிக அதிகமாம். வலி தெரியும்வரை காத்திருக்கக் கூடாது, தவறாமல் படம் எடுத்துப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்றார். படம் எடுத்தார்கள், நழுவல் ஆரம்ப நிலையில் இருந்தது, கவனித்து வருகிறார்கள். நாற்காலிக்காக நீட்டிய டேப் எங்கோ கொண்டுபோய் நிறுத்திய கதை இது.

இருக்கையை இந்த முறை தட்டையாகச் செய்யவில்லை. உட்கார்ந்தால் நம் பின்புறத்தில் இரண்டு எலும்புமுனைகள் இருக்கையை அழுத்தும். அவை இறங்கும் பின்பாதியை 2.5 செ.மீ. தாழ்த்தி, முன்பாதியைத் தொடைக்கு அடியில் உயரமாக விட்டேன். இந்தப் படிதான் வழுக்கலைத் தடுப்பது. இரண்டு முழங்கால்களுக்கு நடுவில் ஒரு சின்ன மேடு, கால்கள் கத்தரிக்கோல் மாதிரி குறுக்கே போகாமல் இருக்க. இதிலும் ஒரு பாடம்: மேட்டைத் தொடையிடுக்கு வரை கொண்டுபோகக் கூடாது. வழுக்கும் குழந்தையை அதில் முட்டுக்கொடுத்து நிறுத்துவது கொடுமை. அது முழங்கால்களைப் பிரிக்க மட்டும். இடுப்புப் பட்டை மேலிருந்து வயிற்றை அழுத்தாமல், இருக்கையும் முதுகும் சேரும் மூலையிலிருந்து 45 பாகைச் சாய்வில் வந்து தொடை மடிப்பின்மேல் உட்கார வேண்டும். வயிற்றுக் குழாய் இருக்கும் குழந்தைக்கு இது இரட்டிப்பு முக்கியம்.

முழு நாற்காலிக்கும் யோகா விரிப்பை வெட்டி மெத்தை போட்டேன். சாதாரண ஸ்பாஞ்ச் வேண்டாம். அது எச்சிலையும் சிந்தும் உணவையும் குடித்து நாறும். யோகா விரிப்பின் துளைகள் மூடியவை, துடைத்தால் போதும்.

உட்கார்ந்தாள். வழுக்கவில்லை. எல்லோரும் கைதட்டப் போகும் நேரத்தில் கைகள் இரண்டும் விறைத்து, கால்கள் நீண்டு, தலை பின்னால் இடித்தது. தளர்ந்தாள். மறுபடி விறைத்தாள். காரணம் நான் அன்போடு செய்த ஒரு வேலை. தலை முன்னால் விழாமல் இருக்கட்டும் என்று முதுகுப்பலகையைச் சற்றுப் பின்னால் சாய்த்திருந்தேன். 110 பாகை இருக்கும். இடுப்பின் கோணம் விரிந்தால் இவளைப் போன்ற பிள்ளைகளுக்கு உடம்பு முழுக்க நிமிர்ந்து விறைக்கத் தூண்டுதல் கிடைத்துவிடுகிறது. மேடம் போனில் சொன்னது ஒரே வரி: "முதுகைச் சாய்க்காதீங்க, நாற்காலியையே சாய்ங்க."

அதாவது முதுகுக்கும் இருக்கைக்கும் நடுவில் உள்ள 90 பாகை அப்படியே இருக்க வேண்டும். மொத்த நாற்காலியும் ஒரு துண்டாகப் பின்னால் சாய வேண்டும். முதுகுப்பலகையைப் பிய்த்து நேராக ஒட்டினேன். முன்கால்களுக்கு அடியில் ஆப்பு வைத்தேன். 40 செ.மீ. நீள அடிப்பாகத்துக்கு 10 பாகைச் சாய்வு வேண்டும் என்றால் முன்பக்கம் 7 செ.மீ. உயர வேண்டும். சாய்த்தால் பின்னால் குடைசாயும் அல்லவா, அதற்காக அடிப்பலகையைப் பின்பக்கம் 12 செ.மீ. நீட்டினேன். குழந்தைக்குப் பதில் 20 லிட்டர் தண்ணீர் கேனை வைத்துக் கட்டி, எல்லாப் பக்கமும் தள்ளிப் பார்த்தேன். அசையவில்லை.

அன்று 10 நிமிடம் உட்கார்ந்தாள். இறக்கிய உடனே தோலைப் பார்த்தோம். அழுத்தம் பட்ட இடத்தில் சிவப்பு இருந்தால் அரைமணிக்குள் மறைய வேண்டும். மறையாவிட்டால் அந்த இடத்தில் புண் வரப்போகிறது என்று அர்த்தம். வால் எலும்பில் சிவப்பு 20 நிமிடத்தில் மறைந்தது. வலது முழங்காலின் உட்புறத்தில் மறையவில்லை. நடுமேட்டில் அரை செ.மீ. செதுக்கினேன். மூன்றாம் நாள் சரியானது. நாளைக்கு மூன்று முறை, 10 நிமிடம், 15, 20 என்று மெதுவாக ஏற்றினோம்.

ஒன்பதாம் நாள் நாற்காலியில் இருக்கும்போது வலிப்பு வந்தது.

வந்தால் என்ன செய்வது என்பது அக்காவுக்கு மனப்பாடம்: வாயில் எதையும் வைக்கக் கூடாது, ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும், கடிகாரத்தைப் பார்க்க வேண்டும், 5 நிமிடத்தைத் தாண்டினால் ஆம்புலன்ஸ். ஆனால் ஒருக்களிக்க முதலில் அவளை வெளியே எடுக்க வேண்டும். மேசைத்தட்டை நான் இரண்டு பக்கமும் திருகாணியால் பிடித்திருந்தேன். இடுப்புப் பட்டைக்குப் பழைய பையின் கொக்கி. அது விறைத்த உடம்பின் இழுப்பில் இறுகிக்கொண்டது. அத்தான் கத்தரிக்கோலால் பட்டையை வெட்டினார். எல்லாம் சேர்ந்து அரை நிமிடம் இருக்கும். வலிப்பு இரண்டு நிமிடத்தில் நின்றது, அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. நான் வீட்டுக்குப் போய் அந்தத் திருகுகளை எல்லாம் குப்பையில் போட்டேன்.

அன்றிலிருந்து என் விதி: ஒரு கையால், பார்க்காமல், 5 விநாடிக்குள் குழந்தை வெளியே வர வேண்டும். இப்போது இடுப்புப் பட்டையில் நடுவில் அமுக்கித் திறக்கும் பக்கிள். மேசைத்தட்டு திருகு இல்லாமல் மேலிருந்து சொருகுவது, தூக்கினால் வந்துவிடும். தைத்து முடித்ததும் பட்டையை 30 கிலோவுக்கு இழுத்து, இழுவையில் இருக்கும்போதே திறந்து பார்த்தேன். தளர்வாக இருக்கும்போது திறப்பது எந்தப் பக்கிளும் செய்யும்.

ஒரு பகல் முழுக்கச் சும்மா உட்கார்ந்திருந்தது

இரண்டாவது நாற்காலி குழந்தையின் உடம்புக்குச் சரியாகிவிட்டது. ஆனாலும் இரண்டு வாரம் கழித்துப் போனபோது அது சுவரோரமாக நின்றது, மேலே துவைத்த துணி. குழந்தை மடியில்.

எனக்குக் கோபம் வந்தது என்பதை ஒளிக்கப் போவதில்லை. ஏன் என்று கேட்டேன். "தூக்கி வைக்கிறதுக்குக் குனியணும்டா, இடுப்பு விட்டுப்போவுது. வச்சிட்டா பம்ப் ஒயர் எட்டல. அடுத்த ரூமுக்குத் தள்ளலாம்னா நிலையில இடிக்குது" என்றாள். மூன்று குறைகள், மூன்றும் டேப்பால் அளக்கக்கூடியவை. குழந்தையை எட்டு இடத்தில் அளந்த நான் வீட்டை ஓரிடத்தில்கூட அளக்கவில்லை.

ஒரு விடுமுறை நாள் காலை 6 மணிக்கே போய், நோட்டுப் புத்தகத்தோடு மூலையில் உட்கார்ந்துகொண்டேன். எதிலும் உதவக் கூடாது, ஆலோசனை சொல்லக் கூடாது என்று எனக்கு நானே கட்டளை. இரவு 9 வரை எழுதியதில் சில: குழந்தையை அக்கா 23 முறை தூக்கினாள். அதில் 14 முறை தரையிலிருந்தோ, தாழ்ந்த மெத்தையிலிருந்தோ. உணவு பம்ப் எப்போதும் ஜன்னலோர மின்சாரப் பொருத்துக்குப் பக்கத்தில். அதன் குழாய் 1 மீட்டருக்குக் கொஞ்சம் கூட. கதவுநிலையின் உள்ளகலம் 68 செ.மீ.; என் நாற்காலியின் அடிப்பலகை 70. அக்கா காலை உணவை 11:40-க்குச் சாப்பிட்டாள், நின்றுகொண்டு.

நான் தேடாத ஒன்றும் நோட்டில் இருந்தது. மூத்த பையனுக்கு 8 வயது. பள்ளி இல்லாத அந்த நாளில் அவன் தங்கச்சியோடு இருந்த நேரம் முழுக்கத் தரையில்தான். கார்களை வரிசையாக வைத்து அவள் முகத்துக்கு முன்னால் ஓட்டுவான். அவளை நாற்காலியில் ஏற்றினால் விளையாட்டு நின்றுவிடும். அவள் மேலே, அவன் கீழே. "அவ ராஜா மாதிரி உக்காந்துக்கிறா மாமா, எனக்கு அவ கால்தான் தெரியுது" என்றான்.

அக்காவின் இடுப்புக்கு உயரம் வேண்டும். பையனின் விளையாட்டுக்குத் தாழ்வு வேண்டும். கால்களை நீட்டித் தரையோடு தரையாக உட்கார வைக்கும் இருக்கையை மேடம் ஒத்துக்கொள்ளவில்லை. தொடையின் பின்தசை இறுகிய பிள்ளைகளுக்குக் காலை நீட்டினால் அது இடுப்பைப் பின்னால் இழுத்து, முதல் நாற்காலியின் கதை திரும்ப வரும். முழங்கால் மடங்கியே ஆக வேண்டும்.

மூன்றாவது நாற்காலி இரண்டு துண்டு. மேல் துண்டு, கால்பலகையோடு சேர்த்து இருக்கை உயரம் 23 செ.மீ.; தரையில் அப்படியே வைத்தால் அவள் கண்ணும் சம்மணமிட்ட அண்ணனின் கண்ணும் ஏறக்குறைய ஒரே மட்டம். கீழ்த்துண்டு, 25 செ.மீ. உயரப் பெட்டி. அதன் மேல்விளிம்பு 6 செ.மீ. எழும்பி நிற்கும்; நாற்காலி அந்தக் குழிக்குள் இறங்கிப் பிடித்துக்கொள்ளும், வழுக்காது. இரண்டும் சேர்ந்தால் இருக்கை உயரம் 48. அக்கா குனியாமல் இறக்கி வைக்கலாம். அகலம் 60-ஆகக் குறைத்தேன். பம்ப்புக்குப் பெட்டியின் பக்கத்திலேயே ஒரு மாடம் வெட்டி, குழாய் மடங்காமல் வரப் பள்ளம் செதுக்கினேன். குழந்தையோடு சேர்த்து நாற்காலியை ஒருவர் தூக்கி மாற்றக் கூடாது. முதலில் குழந்தை, பிறகு நாற்காலி. இதைப் பெட்டியின்மேல் பெரிய எழுத்தில் பையனே எழுதி ஒட்டினான்.

அட்டைக்கு ஈரம் எமன். இரண்டாவது நாற்காலியின் கால்பலகை ஈரத்துணியால் துடைத்துத் துடைத்தே ஒரு மாதத்தில் பொதபொதவென்று ஆகியிருந்தது. இதில் தரையைத் தொடும் இடமெல்லாம் பழைய சைக்கிள் டியூப் வெட்டி ஒட்டினேன், மேசைத்தட்டுக்குக் கண்ணாடித்தாள். வாகனத்தில் இதை வைத்துக்கொண்டு போகக் கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். மோதலைத் தாங்குவதற்குச் செய்யப்பட்டதல்ல.

இது சுவரோரம் போகவில்லை.

பொத்தான்

நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டாள். உட்கார்ந்து என்ன செய்வது? இந்தப் பகுதி என் தொழிலுக்குப் பக்கத்தில் வருகிறது, அதனால் கொஞ்சம் கர்வத்தோடு ஆரம்பித்தேன்.

பேட்டரி பொம்மையைப் பிரிக்காமலேயே வெளிப் பொத்தானால் இயக்க ஒரு எளிய வழி உண்டு. இருபுறமும் செம்பு பூசிய மெல்லிய சர்க்யூட் பலகையில் ஒரு சின்ன வட்டம் வெட்டி, ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு ஒயரைச் சால்டர் செய்து, பேட்டரிக்கும் அது தொடும் தகட்டுக்கும் நடுவில் சொருகிவிட வேண்டும். மின்சாரம் அங்கே அறுபடும். ஒயரின் மறுமுனையில் 3.5 மி.மீ. மோனோ சாக்கெட். அதில் எந்தப் பொத்தானைச் சொருகி அமுக்கினாலும் இணைப்பு முழுமையாகும், பொம்மை ஓடும். மாற்றுத்திறனாளிகளுக்கான பொத்தான்கள் பெரும்பாலும் இதே 3.5 மி.மீ. அளவில்தான் வருவதால், நாளை நல்ல பொத்தான் கிடைத்தால் அப்படியே மாட்டிக்கொள்ளலாம்.

வாங்கிய முதல் பொம்மை குரங்கு. வட்டைச் சொருகினேன், அமுக்கினேன், ஒன்றும் நடக்கவில்லை. ஒரு மணி நேரம் சால்டரைச் சந்தேகப்பட்டேன். பிறகுதான் உறைத்தது: அந்தக் குரங்கின் வயிற்றை அமுக்கினால்தான் ஆடும். அதற்குள் ஒரு சின்ன சிப் இருக்கிறது. மின்சாரம் போய் வந்தால் அது அமைதியாக விழித்து, வயிற்றை யாராவது அமுக்கட்டும் என்று காத்திருக்கும். இந்த வகையைப் பிரித்து, வயிற்றுப் பொத்தானின் இரண்டு காலிலிருந்து ஒயர் எடுக்க வேண்டும். தள்ளுசுவிட்சை ஆன் செய்தால் ஓடிக்கொண்டே இருக்கும் பொம்மைக்குத்தான் வட்டு முறை. குரங்கை ஒதுக்கிவிட்டுக் குரைத்துக்கொண்டே நடக்கும் நாயை எடுத்தேன். இரண்டு பென்டார்ச் செல். காசு வடிவ பட்டன் செல் பொம்மைகள் இந்த வீட்டுக்குள் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டேன். விழுங்கினால் இரண்டே மணி நேரத்தில் உணவுக்குழாயை அரிக்க ஆரம்பித்துவிடும், அண்ணன் தம்பி இருக்கும் எந்த வீட்டிலும் அது ஆபத்து.

பொத்தானுக்குப் பழைய சிடி பெட்டி. இரண்டு மூடியின் உட்புறத்திலும் அலுமினியத் தாள், நடுவில் இரண்டு ஓரத்திலும் ஸ்பாஞ்ச் துண்டு. லேசாகத் தட்டினாலே தாள்கள் தொடும். மேசைத்தட்டில் வலது கைக்கு அடியில் வைத்தேன்.

"பாப்பா, அமுக்கு. அமுக்கு பாப்பா. அமுக்கு அமுக்கு." நான்கு பெரியவர்கள் சுற்றி நின்று கத்தினோம். வலது கை முஷ்டியாகி மார்போடு ஒட்டிக்கொண்டது. மூன்று நாள் இதே கூத்து.

நான்காம் நாள் பையன் சொன்னான், "மாமா, அவளுக்கு அந்தக் கை வராது. கூப்பிட்டா இந்தப் பக்கம் தலையைத் திருப்புவா." இடப்பக்கம். காரை நிறுத்தினால் மறுபடி ஓட்டச் சொல்லி அவள் தலையை இடது பக்கம் திருப்புவாளாம். எட்டு வயதுப் பையனுக்கு இது தெரிந்திருந்தது. எங்களில் ஒருவரும் அவனைக் கேட்கவில்லை. மேடத்திடம் சொன்னபோது அவர் அவனுக்குக் கைகொடுத்தார். திரும்பத் திரும்பச் செய்ய முடிகிற, விறைப்பைத் தூண்டாத ஒரே ஒரு அசைவு எது என்று கண்டுபிடிப்பதுதான் முதல் வேலை, அது விரலாகவே இருக்க வேண்டியதில்லை என்றார். இன்னொன்றும் சொன்னார்: ஒரு தடவை சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். கேட்டது போய்ச் சேர்ந்து, தசைக்கு உத்தரவு வந்து, தசை பணிய நேரம் வேண்டும். நடுவில் மறுபடி சொன்னால் அவள் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

பொத்தானை இடது கன்னத்துக்கு 3 செ.மீ. தள்ளி, வளைக்கக்கூடிய மேசைவிளக்குத் தண்டில் பொருத்தினேன். அண்ணன் ஒரே முறை "நாய்" என்றான். எல்லோரும் மனதுக்குள் எண்ணினோம். எனக்கு 7 வந்தபோதே வாய் துடித்தது. 12-இல் தலை திரும்பியது. நாய் ஒரு அடி நடந்து ஒரு முறை குரைத்தது, தலை விலகியதும் நின்றது. அவள் திடுக்கிட்டாள். வலிப்போ என்று அக்கா பக்கிளில் கையை வைத்துவிட்டாள். இல்லை. மறுபடி திரும்பினாள்.

அடுத்த குறை உடனே தெரிந்தது. பொத்தானை அமுக்கிப் பிடித்திருந்தால்தான் நாய் நடக்கும். கன்னத்தை அங்கேயே வைத்திருந்தால் நாயைப் பார்க்க முடியாது. ஒருமுறை தொட்டால் 5 விநாடி ஓட வேண்டும். நேரம் எண்ணுவதற்கென்றே இருக்கும் 555 என்ற சிப்பைப் போட்டு ஒரு டைமர் செய்தேன். நேரம் = 1.1 × ரெசிஸ்டர் × கெப்பாசிட்டர். 47 கிலோ ஓம், 100 மைக்ரோஃபேரட், 5.2 விநாடி. சிப் ஒரு சின்ன ரிலேவை, அதாவது மின்சாரத்தால் இயங்கும் சுவிட்சை, இழுக்கும், ரிலே நாயை ஓட்டும். ரிலே சுருளுக்குக் குறுக்கே தலைகீழாக ஒரு டையோடு மறக்கக் கூடாது. முதல் சோதனையில் நாய் நிற்கவே இல்லை. அவள் தலையைச் சாய்த்து அங்கேயே ஓய்வெடுத்துக்கொண்டிருந்தாள். பொத்தான் அமுங்கியே இருந்தால் 555 முடிக்காது. பொத்தானுக்கும் சிப்பின் 2-ஆம் காலுக்கும் நடுவில் 0.1 மைக்ரோஃபேரட் கெப்பாசிட்டரை வைத்து, அந்தக் காலை 10 கிலோ ஓம் ரெசிஸ்டரால் பேட்டரியின் பிளஸ் பக்கத்தோடு கட்டினேன். பொத்தானுக்கும் அதேபோல் இன்னொரு 10 கிலோ ஓம். இப்போது தொட்ட கணம் மட்டும்தான் கணக்கு. மறுபடி வேண்டுமானால் தலையை எடுத்துவிட்டுத் திரும்பத் தொட வேண்டும். மூன்றாவது நாளே அதைப் புரிந்துகொண்டுவிட்டாள், என்னைவிடச் சீக்கிரம்.

இப்போது காலை உணவு பம்ப்பில் இறங்கும் 40 நிமிடத்தில் பாதி நேரம் நாய்தான். அண்ணன் பள்ளிக்குக் கிளம்பும் முன் நாயைத் தரையின் ஒரு கோடியில் வைத்துவிட்டுப் போவான். திரும்பி வரும்போது எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்று சுண்ணக்கட்டியால் குறித்து வைப்பான். போன வாரம் நாய் சுவரில் முட்டி நின்றது.

முறையான நாற்காலி வந்துவிட்டது. அது வெளியே போகவும் பள்ளிக்கும். அட்டை நாற்காலி வீட்டுக்குள். முழங்காலிலிருந்து குதிகால் வரை இப்போது 22.5, அதனால் கால்பலகையில் அடுக்குகளைப் பிரித்து எடுத்தேன். அடுத்த பெரிய பெட்டி கிடைத்ததும் நான்காவதை ஆரம்பிக்க வேண்டும்.

அக்கா ஒரே ஒரு புகார் வைத்திருக்கிறாள். இரண்டு கையும் சும்மா இருக்கிறது, சாப்பிட உட்கார முடிகிறது, எல்லாம் சரி, ஆனால் நாளைக்கு முந்நூறு தடவை குரைப்பை யார் கேட்பது? ஸ்பீக்கருக்கு முன்னால் 47 ஓம் ரெசிஸ்டர் ஒன்று போட்டால் சத்தம் அடங்கும் என்றேன். பையன் நாயைத் தூக்கி முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டான். "அவகிட்ட கேட்டியா?" என்றான்.

கேட்டோம். 15 வரை எண்ணினோம். தலையைத் திருப்பிக் குரைக்க வைத்தாள்.